சாமா அண்ணனின் நான்கு பல்புகள்

மனிதர்களில் எத்தனையோ இனங்கள் உண்டு. கேட்காமலே வழி சொல்கிறவர்கள், கல்யாண வீட்டில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு சாம்பாரைக் குறை சொல்கிறவர்கள், கூட்டத்தில் 'ஒரே ஒரு வார்த்தை' என்று எழுந்து அரை மணி நேரம் உட்காராதவர்கள் என்று இவர்களையெல்லாம் நீங்கள் ஏற்கனவே அறிவீர்கள். இப்போது பார்க்கப்போவது இன்னொரு இனம். எந்த இரண்டு பொருளை இவர் முன்னால் வைத்து 'இதில் எது நல்லது?' என்று கேட்டாலும், இரண்டையும் ஒரு பார்வை பார்த்து, லேசாகச் சிரித்து, இத்தனை வயதாகியும் உனக்கு இது தெரியவில்லையே என்ற கருணையோடு ஒரே பதிலைச் சொல்வார்.

"எல்லாம் சாமாதான்லா."

மலாய்க்காரர்களின் 'சாமா'வும் நம்முடைய 'சமம்' என்பதும் பொருளில் ஒன்றுதான். ஆனால் நம் ஆள் சொல்லும்போது அதில் ஒரு நீதிபதியின் கம்பீரம் இருக்கும். அதற்கு மேல் முறையீடு கிடையாது.

ஈப்போ புந்தோங்கில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி தர்மேந்திரன். அவருடைய பெயரை அடையாள அட்டையைத் தவிர வேறு யாரும் முழுதாகச் சொல்வதில்லை. கோயில் வாசலிலிருந்து கோப்பிக் கடை வரைக்கும் அவர் சாமா அண்ணன்தான். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. பெயரும் எல்லாம் சாமாதானே?

இவருக்கு இந்த ஞானம் எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரிச் சன்னல். சின்ன வயதில் ஒரு நாள் இருட்டில் வேறொரு வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவும்போதுதான் சோறு போட்டது தன் அம்மா இல்லை என்று கண்டுபிடித்தாராம். சோறு நன்றாக இருந்ததாம். அது முதல் பாடம். இரண்டாவது பாடம் ஜெலாப்பாங்கில் ஒரு பிஸ்கோத்துத் தொழிற்சாலையில் கிடைத்தது. ஓய்வு பெறும் வரைக்கும் அங்கே பொட்டலம் கட்டும் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வை. ஒரே அடுப்பில் வெந்து, ஒரே பட்டையில் ஊர்ந்து வந்த பிஸ்கோத்து, சிவப்பு டின்னில் விழுந்தால் ஒரு பெயர், நீல டின்னில் விழுந்தால் ஒரு பெயர், கிளிப் படம் போட்ட டின்னில் விழுந்தால் இன்னொரு பெயர். கடையில் மனைவி பிரமிளா சிவப்பா நீலமா என்று யோசித்து நிற்கும்போதெல்லாம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

பிஸ்கோத்து விஷயத்தில் அவர் சொன்னது முழு உண்மை. ஆபத்தே அங்கேதான் தொடங்கியது. வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மையை நேரில் பார்த்துவிட்டவரை யாராலும் திருத்த முடியாது.

பிறகு அந்த உண்மை டின்னைவிட்டு வெளியே வந்து ஊர் சுற்ற ஆரம்பித்தது. மோட்டார் சைக்கிள் சங்கிலிக்குச் சமையல் எண்ணெய் விட்டார். எண்ணெய் எல்லாம் சாமா. எறும்புகள் வரிசை கட்டி வந்து சங்கிலியைச் சுத்தம் செய்து கொடுத்தன. தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போனவர் திரும்பி வரும்போது காலில் இருந்தது வேறு யாருடைய சிலிப்பரோ. இடது கால் பெரியது, வலது கால் சின்னது. அதாவது, ஒருவருடையதுகூட இல்லை, இரண்டு பேருடையது. ஒருமுறை கல்யாண மண்டபம் மாறிப் போய், முன் பின் தெரியாத மாப்பிள்ளைக்கு அன்பளிப்பு உறையைக் கையில் கொடுத்து, நின்று படம் எடுத்து, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு வந்தார். உண்மையான மாப்பிள்ளை வீட்டார் ஏன் வரவில்லை என்று சண்டைக்கு வந்தபோது சொன்ன பதிலை நான் எழுத வேண்டியதில்லை.

இதையெல்லாம் பிரமிளா சிரித்தே சமாளித்துவிட்டார். கண் விஷயம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

பிரமிளாவுக்குக் கண்ணில் புரை வந்து அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சை நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் கடுமையாக இருந்தால் கண் கூசி, தண்ணீர் கொட்டித் தலைவலி வந்துவிடும். வீட்டுக் கூடத்திலோ நான்கு பல்பு மாட்டிய ஒரு கொத்து விளக்கு. போட்டால் நான்கும் எரியும், அணைத்தால் கும்மிருட்டு. நடுவில் எதுவும் இல்லை. எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த பிரமிளா, கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக ஒரு மின்சாதனம் கேட்டார்.

"என்னாங்க, அந்த லைட்ட கூட்டிக் கொறைக்கிற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்காம்லா. ஷர்மினி வீட்டுல மாட்டியிருக்காங்க. அது மாதிரி போட்டுக் குடுங்களேன்."

ஷர்மினி பிரமிளாவின் தங்கை. லகாட்டில் வீடு. ஷர்மினியின் கணவர் பவித்ரன், அதாவது நம் அண்ணனுக்குச் சகலை, எதை வாங்கினாலும் கூட வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் பெட்டியைப் பிரிப்பார். சகலையின் பெயர் காதில் விழுந்ததும் அண்ணன் எழுந்துவிட்டார்.

"இதுக்குப் போயி காசு செலவழிக்கணுமா? திருகுற சுவிட்ச் நம்ம வீட்டுலயே இருக்கு."

என்ன இருந்தது தெரியுமா? பின் அறையில் காத்தாடியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர். திருகினால் காற்று குறைகிறது. அப்படியானால் வெளிச்சமும் குறையத்தானே வேண்டும்? மெயின் சுவிட்சை மட்டும் நல்ல வேளையாக அணைத்துவிட்டு, அதைக் கழற்றிக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினார். பிறகு மெயினைப் போட்டுத் திருகினார். பல்புகள் முதலில் முனகின. அடுத்த எண்ணுக்குத் திருகியபோது உறுமின. அதற்கடுத்த எண்ணில் எங்கிருந்தோ 'டப்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு. ஐஸ்பெட்டிகூட மூச்சை நிறுத்திவிட்டது.

"கொறைக்கத்தான் சொன்னேன்" என்றது இருட்டில் பிரமிளாவின் குரல்.

"கேட்டதுக்கு மேலயே செஞ்சிருக்கேன்ல."

மறுநாள் புந்தோங் மதார் சாகிப்பின் மின்சாமான் கடைக்குப் போனார். சாகிப் பழைய ஆள். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பதுதான் வியாபாரம், அவரைத் திருத்துவது வியாபாரம் இல்லை என்ற கொள்கை உடையவர். கல்லாவில் அவருடைய மருமகள் இஃபத்.

"சாகிப் அண்ணே, லைட்டக் கூட்டிக் கொறைக்கிற டிம்மர் ஒன்னு குடுங்க."

"என்னா பல்புக்கு?"

"எரியிற பல்புக்குத்தான்லா."

"அது இல்லலா. பழைய குண்டு பல்பா, குழாய் சுருண்டிருக்கிற முறுக்கு பல்பா, எல்இடியா? பல்புக்குத் தகுந்த மாதிரி டிம்மர் மாறும்."

அண்ணன் சிரித்தார். அதே சிரிப்பு.

"நான் பக்டரியில இருந்தவன் அண்ணே. பொட்டிதான் வேற வேற. உள்ள இருக்கிறது எல்லாம் சாமாதான்லா."

சாகிப் கொள்கை மாறாதவர். குண்டு பல்பு காலத்திலிருந்து கண்ணாடி அலமாரியில் குடியிருந்த ஒரு டிம்மரை எடுத்து, தூசியைத் துடைத்துக் கொடுத்தார். அண்ணன் கூடவே கைக்கு அகப்பட்ட ஒரு எல்இடி பல்பையும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

"அங்கிள், பொட்டியில என்னா போட்டிருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள் இஃபத்.

"பாக்காமலா? இந்தா." அண்ணன் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்து மலாயில் வாசித்தார். "'போலே டிமாலாப்கான்.' மங்க வைக்கலாமாம். கவர்மெண்டு பாஷையிலயே போட்டிருக்கான்."

இங்கே வாசகர்கள் அவருடைய கட்டை விரலைக் கவனிக்க வேண்டும். டின்களைத் தூக்கித் தூக்கித் தடித்துப்போன நல்ல உழைப்பாளியின் விரல். அது பெட்டியின் இடது ஓரத்தில், அந்த வரி தொடங்குகிற இடத்தில், அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் திருகு குமிழ் மாதிரி ஒரு சின்னப் படமும் இருந்தது. அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. அதை அலங்காரம் என்று அவர் எடுத்துக்கொண்டார். இஃபத் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் மோட்டாரில் ஏறியாயிற்று.

அன்று மாலை அரங்கேற்றம். கொத்து விளக்கில் நான்கு இடம். புதிய எல்இடி ஒன்று. சாமி மேடையிலிருந்து எடுத்த பழைய குண்டு பல்பு ஒன்று. சமையலறையில் எரிந்துகொண்டிருந்த முறுக்கு பல்பு ஒன்று. சகலை எப்போதோ கொடுத்த எல்இடி ஒன்று. உயரத்தில் இரண்டு பொருந்தவில்லை, நிறத்தில் மூன்று பொருந்தவில்லை. அண்ணன் கண்ணுக்கு நான்கும் ஒன்றாகவே தெரிந்தன. பிரமிளாவைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்து, "கண்ணாடியக் கழட்டு, இப்பப் பாரு" என்று சொல்லித் திருகினார்.

குடும்பத்தில் பெரியவர் 'கொஞ்சம் குரலைக் குறைங்க' என்று சொன்னால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. குண்டு பல்பு சொன்ன பேச்சைக் கேட்டு மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, பதவிசாக அடங்கியது. முறுக்கு பல்பு இரண்டு தரம் துடித்து, முணுமுணுத்து, கோபித்துக்கொண்டு அணைந்தே போய்விட்டது. சகலை கொடுத்தது பாதி இறங்கி, அதற்கு மேல் மாட்டேன் என்று நின்றது. கடையில் வாங்கிய புது எல்இடி இருக்கிறதே, அது போலீஸ் வண்டி போலப் பளிச் பளிச் என்று வெட்ட ஆரம்பித்தது.

எதிர் வீட்டிலிருந்து காளியம்மாவின் குரல் கேட்டது. "தம்பி, என்னாலா வீட்டுல டிஸ்கோவா?"

"கொஞ்சம் சூடாகட்டும், சரியாயிடும்" என்றார் அண்ணன்.

பிரமிளா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அண்ணனுக்குப் பழக்கமான விஷயம். அவர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு இடையில் தண்ணீர் வழிந்தது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடவித் தடவி அறைக்குள் போய், சொட்டு மருந்தையும் நாலு துணியையும் பையில் எடுத்து வைத்து, தங்கையைக் கூப்பிட்டார். பவித்ரன் காரோடு வந்து நின்றார்.

"கண்ணு ஆறுற வரைக்கும் லகாட்ல இருந்துட்டு வாரேன்."

"அங்க மட்டும் என்னா பெரிய லைட்டு? எல்லாம் சா..."

கார் போய்விட்டது. அந்த வாசகம் முடிவு பெறாமல் அவர் வாயிலேயே நின்றது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அண்ணன் தனியாக இருந்தார். ரசம் வைத்தார். ரசப்பொடி தீர்ந்திருந்தது, அலமாரியில் கறி மசாலை இருந்தது. பொடி எல்லாம் என்ன? நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அந்த ரசத்தைக் குடித்துவிட்டு, அவர் தட்டையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே நாற்காலி, அதே தொலைக்காட்சி, அதே தொடர் நாடகம். நாடகத்தில் யார் யாருக்கு அக்கா என்று கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் 'சாமாதான்லா' என்று யாரிடம் சொல்வது? ஒருமுறை காத்தாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். ரெகுலேட்டர் போனதிலிருந்து அதுவும் சுற்றுவதில்லை. அண்ணனுக்குப் பிரமிளா இல்லாமல் அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இதை அலங்காரமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

லகாட்டுக்குப் போனார். வேண்டுமென்றே சாயங்காலமாகப் பார்த்துப் போனார். அந்தப் பிரமாதமான விளக்கையும் ஒரு கை பார்த்துவிடலாமே.

பவித்ரன் அவரைக் கண்டதும் எழுந்து, சுவரிலிருந்த குமிழைத் திருகினார். சத்தமில்லை, துடிப்பில்லை. கூடத்து வெளிச்சம் அப்படியே மெல்ல இறங்கி, வெயில் தாழ்ந்த முற்றம் போல ஆனது. அந்த வெளிச்சத்தில் பிரமிளா கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்து தங்கையோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தன் மனைவியின் கண்ணைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. சகலை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டதே என்று அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

"போலாம் வா" என்றார்.

"எங்க?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

பிரமிளா அவரை ஒரு பார்வை பார்த்தார். லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அண்ணன் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"நம்ம வீடென்ன, தங்கச்சி வீடென்ன? எல்லாம் சாமாதான்லா."

பவித்ரன் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். ஷர்மினி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தலையில் போட்ட தீர்ப்பு, தன் தலையில் விழும்போது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"சாமா இல்ல" என்றார்.

"என்னா? கேக்கல."

"சாமா இல்லன்னேன்."

"எது சாமா இல்ல?"

இந்த இடத்தில் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். நம் அண்ணன் சொன்னது: "ரசம்."

பிரமிளா காத்திருந்தார்.

"ரசம் சாமா இல்ல. நாடகம் சாமா இல்ல. நீ இல்லாம அந்த வீடு... சாமாவே இல்லலா."

"லைட்டு?"

கொஞ்ச நேரம் போராட்டம். சகலை பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் சொன்னார். "லைட்டும்தான்."

"அப்படின்னா நல்லதாப் பாத்து வாங்கி, வயர்மேன வச்சு மாட்டிட்டுக் கூப்புடுங்க. அன்னைக்கே வாரேன்."

மதார் சாகிப் கடையில் மறுநாள் நடந்ததை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அண்ணன் உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். "சாகிப் அண்ணே, எது எதோட சேரும்?" என்று கேட்டார். சாகிப் முக்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்ததை அவர் கேட்டதே இல்லை.

பழைய பெட்டியையும் அண்ணன் கொண்டு வந்திருந்தார். எடுத்து நீட்டினார். "இதுல மங்க வைக்கலாம்னுதானே போட்டிருக்கான்?"

"கட்ட விரல எடுங்க, அங்கிள்" என்றாள் இஃபத்.

எடுத்தார். விரலுக்கு அடியில் 'தீடாக்' என்றிருந்தது. தீடாக் போலே டிமாலாப்கான். மங்க வைக்க முடியாது. அந்தக் குறுக்குக் கோடும் அலங்காரமில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

"இந்தப் பழைய டிம்மர் பெரிய சக்தி இழுக்கிற குண்டு பல்புக்குச் செஞ்சது, அங்கிள். எல்இடி இழுக்கிறது கொஞ்சம். அவ்வளவு கொஞ்சத்த இதுக்குப் புடிச்சு வைக்கத் தெரியாது, அதான் வெட்டுது. எல்இடிக்குன்னு டிம்மர் தனியா இருக்கு. அதோட, மங்க வைக்கலாம்னு போட்ட பல்பாப் பாத்து எடுக்கணும். முறுக்கு பல்பு வேணாவே வேணாம். அப்புறம் முக்கியமா ஒன்னு." இஃபத் பெட்டிகளை அடுக்கினாள். "ஒரு சுவிட்சுல கலந்து மாட்டக் கூடாது. நாலும் சாமாவா இருக்கணும்."

அண்ணனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாடியிருந்தது சட்டென்று மலர்ந்தது.

"என்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லும்மா."

"நாலும் சாமாவா..."

"சாகிப் அண்ணே, கேட்டீங்களா? இதத்தானே நான் இத்தன வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

சாகிப் முக்காலியிலிருந்து எழவில்லை.

வயர்மேன் வந்தார், மாட்டினார், போனார். பிரமிளாவும் சொன்ன சொல் தவறாமல் அன்றே வந்தார். அண்ணன் அவரை அதே நாற்காலியில் உட்காரவைத்து, இம்முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். நான்கு பல்பும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில், முனகலும் வெட்டலும் இல்லாமல் தணிந்தன. பிரமிளா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மேலே பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அண்ணனை நன்றாகப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் வந்தது அண்ணனுக்குத்தான். தூசி என்றார்.

"நல்லா இருக்குங்க. லகாட்ல இருக்கிற மாதிரியே இருக்கு."

"இருக்காதா பின்ன? அந்த லைட்டும் இந்த லைட்டும்..."

பிரமிளா கண்ணாடியைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான்.

"...வேற வேறதான்லா" என்று முடித்தார் சாமா அண்ணன்.

திருந்திவிட்டாரா? கேட்கிறீர்களே! போன வாரம் மறுபடியும் சிலிப்பர் மாறித்தான் வந்தார். ஆனால் இரண்டு காலும் ஒரே அளவு. முன்னேற்றம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

சரி, இனி உங்கள் முறை. இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயோ, 'எங்க வீட்டுலயும் ஒரு ஆள் இருக்காரு, இவங்க எல்லாருமே ஒரே மாதிரிதான்' என்று ஒரு நிமிடம் நினைத்தீர்களா, இல்லையா? நினைத்திருந்தால் வாருங்கள், சாமா அண்ணன் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. இல்லவே இல்லை, நான் அப்படி நினைக்கவே இல்லை என்கிறீர்களா? ரொம்ப மகிழ்ச்சி. எதற்கும் இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிற உங்கள் கட்டை விரலைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.